முன்ஃபோர்க் மாற்றும் முன் உங்கள் எடையைச் சொல்லுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பைக்கின் முன்ஃபோர்க்கைப் பற்றியவை, அதாவது முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அதிர்ச்சியைத் தாங்கும் அந்த இரண்டு கால்கள். மழை விட்டு, மலைப்பாதையெல்லாம் கல் பெயர்ந்து கிடக்கும் நேரம், அதனால் இருக்கலாம். "எது நல்ல ஃபோர்க்?" என்று எல்லோருமே கேட்டிருக்கிறார்கள். தன் எடை எத்தனை கிலோ என்று எழுதியவர்கள் இரண்டே பேர். கோவையில் என் பட்டறைக்கு ஒரு வண்டி வந்தால், முதலில் ஓட்டுபவரைத்தான் எடை மெஷினில் ஏற்றுவேன். ஹெல்மெட், பூட்ஸ், தண்ணீர்ப் பை, தினமும் சுமக்கும் டூல் பை எல்லாவற்றோடும். அந்த எண் தெரியாமல் நான் எதைச் சொன்னாலும் குத்துமதிப்புதான். அதனால் எடையை எழுதிய இருவரின் கேள்விகள் முதலில்.

அண்ணா, என்னிடம் எக்ஸ்பல்ஸ் 200 4வி இருக்கிறது, 2022 மாடல். போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை. தினமும் இருபது கிலோமீட்டர் தோட்டத்து ஜீப் ரோடு. என் எடை 94 கிலோ. பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் 'டங்' என்று அடிக்கிறது. பழைய கே.டி.எம். டியூக்கின் யு.எஸ்.டி. ஃபோர்க் ஒன்று விலைக்கு வருகிறது, மாட்டிவிடலாம் என்கிறார் நண்பர். மாட்டலாமா?
— தேனி மாவட்ட வாசகர்

தம்பி, அந்த ஃபோர்க்கை வாங்காதீர்கள். விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே யோசனையோடு மாதம் இரண்டு பேராவது என்னிடம் வருகிறார்கள்.

உங்கள் வண்டியின் ஃபோர்க் 37 மி.மீ. குழாய், 190 மி.மீ. ஓட்டம். முன்சக்கரம் மேலும் கீழும் நகர 190 மி.மீ. இடம் இருக்கிறது என்று பொருள். டியூக்கின் ஃபோர்க் 43 மி.மீ.; பார்க்கத் தடிமனாக, கம்பீரமாக இருக்கும். ஆனால் அது தார்ச்சாலைக்குச் செய்தது, ஓட்டம் 150 மி.மீ.க்கு மேல் கிடையாது. சரி, டியூக் வேண்டாம், 390 அட்வென்சரின் ஃபோர்க் கிடைத்தால்? 2020-ல் இங்கே வந்த முதல் 390 அட்வென்சருக்கு 170 மி.மீ. தான். அதுவும் உங்களிடம் இருப்பதைவிட 20 மி.மீ. குறைவு. முட்டிக்கொள்கிறது என்பதற்காக இருக்கிற இடத்தையும் குறைத்துக்கொள்ளலாமா?

யு.எஸ்.டி. என்றால் தடித்த குழாய் மேலே வரும் தலைகீழ் ஃபோர்க். அதற்கு உண்மையான பலன் உண்டு. தடித்த குழாயை மேலே டி-யில், அதாவது இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிக்கும் தகட்டில், பிடிப்பதால் வேகத்தில் பிரேக் பிடிக்கும்போதும், உயரத்திலிருந்து குதிக்கும்போதும் ஃபோர்க் வளைந்து நெளியாது. பந்தயக்காரனுக்கு அது பெரிய விஷயம். தோட்டத்துச் சாலையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் உங்களுக்கு அது கைக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் மாட்டுவதில் உள்ள வேலை: டி-யை மாற்ற வேண்டும், ஸ்டெம் நீளத்துக்கு லேத்தில் புஷ் கடைய வேண்டும், உங்கள் 21 இஞ்ச் சக்கரத்துக்கு ஆக்ஸில் பொருந்த வேண்டும், காலிபர் டிஸ்க்குக்கு நேராக உட்கார வேண்டும், ஏ.பி.எஸ். சென்சாரின் இடைவெளி சரியாக நிற்க வேண்டும். இதில் ஒன்றில் தவறு நடந்தாலும் மாட்டிக்கொள்வது முன்சக்கரம். மலையில் முன்சக்கரத்தோடு விளையாடக் கூடாது.

உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லில் நான் நின்றுவிட்டேன்: 'இறங்கும்போது'. சக்கரம் பள்ளத்துக்குள் விழும்போதே சத்தம் வந்தால், ஃபோர்க் முழுவதும் நீண்டு மேல்முனையில் தட்டுகிறது. பள்ளத்தின் மறுகரையில் ஏறும்போது வந்தால், முழுவதும் அமுங்கி அடியில் தட்டுகிறது. இரண்டும் காதுக்கு ஒரே 'டங்'. வைத்தியம் மட்டும் நேர் எதிர். கண்டுபிடிக்க இரண்டு ரூபாய் கேபிள் டை போதும். ஃபோர்க் குழாயில் டஸ்ட் சீலை (தூசி தடுக்கும் ரப்பர் வளையத்தை) ஒட்டி ஒன்றை இறுக்கமாகக் கட்டிவிட்டு, வழக்கமான பாதையில் வழக்கம்போல ஓட்டுங்கள். அமுங்கும்போது சீல் அதை மேலே தள்ளிக்கொண்டு போய் விட்டுவிடும். வீட்டுக்கு வந்ததும் முன்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி, சீலுக்கும் டைக்கும் நடுவே எவ்வளவு என்று அளந்தால் எத்தனை மி.மீ. அமுங்கியது என்று தெரிந்துவிடும். 190-ஐத் தொட்டிருந்தால் அடியில் தட்டுகிறது. 140, 150-லேயே நின்றிருந்தும் சத்தம் வந்ததென்றால் அது மேல்முனைச் சத்தம். ஆயில் தேய்ந்து தண்ணீராகியிருக்கும். மாற்றியது எப்போது?

அடியில் தட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம், 94 கிலோவுக்கு அதுதான் நடக்கும். அடுத்தது சேக். அதாவது, உங்கள் எடையில் வண்டி எவ்வளவு இறங்கி நிற்கிறது என்ற கணக்கு. முன்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி, டஸ்ட் சீலிலிருந்து கீழ் டி வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வண்டியை இறக்கி, நீங்கள் இல்லாமல் ஒருமுறை, முழு உடுப்போடு ஏறி உட்கார்ந்து ஒருமுறை. பின்னாலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அளக்கட்டும். சீலின் பிடிப்பால் அளவு ஏமாற்றும். அதனால் ஒருமுறை முன்பக்கத்தை அழுத்தி மெல்ல விட்டு, ஒருமுறை தூக்கி மெல்ல விட்டு, இரண்டின் சராசரியை எடுங்கள். முதல் அளவிலிருந்து கழித்தால் சேக் வந்துவிடும். 190 மி.மீ. ஓட்டத்துக்கு வண்டி மட்டும் நின்றால் 25 முதல் 30, நீங்கள் ஏறினால் 50 முதல் 60 மி.மீ. இறங்குவது நல்லது.

உங்களுக்கு 75, 80 வரும் என்று நினைக்கிறேன். உடனே எல்லா மெக்கானிக்கும் செய்வது, ஸ்பிரிங் மேல் பி.வி.சி. பைப் துண்டு ஒன்றை வைத்து மூடியை இறுக்குவது. 20 மி.மீ. துண்டு வைத்தால் வண்டி 20 மி.மீ. உயர்ந்து நிற்கும், உண்மை. ஆனால் ஸ்பிரிங்கின் விறைப்பு கூடவில்லை, வண்டி நிற்கும் இடம்தான் மாறியது. நீங்கள் ஏறினால் 55 சரியாக வந்து, வண்டி மட்டும் நிற்கும்போது ஐந்து, ஆறு மி.மீ. கூட இறங்கவில்லை என்றால் ஸ்பிரிங் உங்களுக்கு மெல்லியது என்று அர்த்தம். அந்த நிலையில் ஓட்டினால் ஒவ்வொரு சின்னக் குழியிலும் ஃபோர்க் மேல்முனையில் தட்டும்.

அதனால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். முதல் செலவு அதுவாக இருக்கட்டும். இருக்கிற ஸ்பிரிங்கின் விறைப்பை அளக்க என் பட்டறையில் பெரிய கருவி எதுவும் இல்லை: டிரில் பிரஸ்ஸின் கீழே வீட்டு எடை மெஷின், அதன் மேல் குழாய்க்குள் ஸ்பிரிங். பிரஸ்ஸால் 50 மி.மீ. அமுக்கினால் மெஷின் 20 கிலோ காட்டியது என்றால், மி.மீ.க்கு 0.40 கிலோ. அதைவிட 15, 20 சதவீதம் விறைப்பாகச் சுற்றித்தரச் சொன்னால் உங்கள் எடைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

சுற்றித் தருபவர் கிடைக்காத காலத்தில் நாங்கள் ஸ்பிரிங்கை வெட்டியிருக்கிறோம். சுற்று குறைந்தால் விறைப்பு கூடும்: வேலை செய்யும் 60 சுற்றில் 10-ஐ வெட்டினால் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். வெட்டிய உயரத்துக்குத் துண்டுக் குழாய் வைக்க வேண்டும், முனை தட்டையாக இருக்க வேண்டும், வெட்டும்போது சூடேறக் கூடாது. ஃபோர்க் முழுவதும் அமுங்கும் முன்பே சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். வேறு வழி இருந்தால் இதைச் செய்யாதீர்கள்.

ஸ்பிரிங் விறைப்பானதும் அது திரும்பி எழும்பும் வேகமும் கூடும், அதை அடக்க ஆயில் ஒரு படி கெட்டியாக வேண்டும். உங்கள் ஃபோர்க் டாம்பர் ராடு வகை. உள்ளே ஒரு குழாய், அதில் சில துளைகள், துளை வழியே ஆயில் நெருக்கிக்கொண்டு போவதுதான் மொத்த டாம்பிங், அதாவது அசைவை அடக்கும் வேலை. கிணற்றில் வயிறு அடிபடக் குதித்தவர்களுக்கு இது புரியும். மெல்ல இறங்கினால் தண்ணீர் வழிவிடும், வேகமாக விழுந்தால் அறையும். துளை ஃபோர்க்கும் அப்படித்தான்: பிரேக் பிடித்தால் சரேலென்று மூக்கைக் குத்தும், கூர்மையான கல்லில் அடித்தால் விறைத்துக்கொள்ளும். இந்த இரண்டையும் ஒரே ஆயிலால் சரிசெய்ய முடியாது. அதற்குத்தான் எமுலேட்டர் என்ற சின்ன வால்வு இருக்கிறது. டாம்பர் ராடின் தலையில், ஸ்பிரிங்குக்குக் கீழே உட்காரும். ராடின் கீழ்த்துளைகளைப் பெரிதாக்கிவிட்டால், அமுங்கும்போது ஆயிலை வால்வு கட்டுப்படுத்தும், எழும்பும்போது பழைய மேல்துளைகள் கட்டுப்படுத்தும். ஸ்பிரிங்கும் ஆயிலும் மாற்றி ஆறு மாதம் ஓட்டிய பிறகும் கல்லில் கை வலித்தால் இதைப் போடலாம்.

இன்னொரு வழி, 2023-ல் வந்த அதே வண்டியின் ப்ரோ மாடல். முன்னால் 250, பின்னால் 220 மி.மீ. ஓட்டம், சரிசெய்யும் திருகுகளோடு கம்பெனியே தருகிறது. ஆனால் இருக்கை உயரம் 891 மி.மீ. அந்த முன்ஃபோர்க்கை மட்டும் வாங்கி உங்கள் வண்டியில் மாட்டும் ஆசை வேண்டாம். பின்னால் 170-ஐ அப்படியே விட்டுவிட்டு முன்னால் மட்டும் 60 மி.மீ. உயர்த்தினால், உங்கள் வண்டியின் சக்கர இடைவெளிக்கு ஃபோர்க் சாய்வு சுமார் இரண்டு டிகிரி மாறிவிடும். ஹேர்பின்னில் திருப்பினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். முன்னும் பின்னும் எப்போதும் ஜோடி. 1973-ல் ஹாகன் ஆண்டர்சன் பின்னால் ஒற்றை ஷாக் வைத்த யமஹாவில் 250 சி.சி. மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார். பின்சக்கரத்தின் ஓட்டம் கூடக் கூட முன்ஃபோர்க்கும் நீள வேண்டியிருந்தது. அடுத்த பத்து வருடத்துக்குள் இரண்டு பக்கமும் 300 மி.மீ.யைத் தொட்டன.

சார், நான் கூடலூரில் பள்ளி ஆசிரியை. எடை 54 கிலோ. பழைய ஹிமாலயன் 411. கல் பாதையில் அரைமணி ஓட்டினால் மணிக்கட்டு மரத்துப்போகிறது. ஃபோர்க் அசைவதே இல்லை என்று தோன்றுகிறது. வேறு நல்ல ஃபோர்க் போட்டால் சரியாகுமா?

டீச்சர், உங்களிடம் இருப்பதே நல்ல ஃபோர்க்: 41 மி.மீ., 200 மி.மீ. ஓட்டம். அது அசைய மறுக்கிறது என்றால் யாரோ அதை இறுக்கி வைத்திருக்கிறார்கள். உங்கள் எடைக்கு ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பு என்பது உண்மைதான். ஆனால் அந்த வண்டியே 190 கிலோவுக்கு மேல். ஸ்பிரிங் சுமப்பதில் பெரும்பங்கு வண்டியின் எடைதான், உங்களுடையது அல்ல. எனவே நான் முதலில் வேறு இடங்களில் தேடுவேன்.

முதலில் ஆக்ஸில். பஞ்சர் ஒட்டியவர் சக்கரத்தை மாட்டும்போது ஆக்ஸிலை இறுக்கி, உடனே கிளாம்ப் போல்டையும் இறுக்கிவிட்டால், இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று கோணலாக நின்றுவிடும். கோணலாக நின்ற கால் குழாயைக் கவ்விக்கொள்ளும். கிளாம்ப் போல்டைத் தளர்த்துங்கள், முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை ஏழெட்டு முறை நன்றாக அழுத்தி எழுப்புங்கள், கால்கள் தாமாக நேராகும். அப்புறம் இறுக்குங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடுகிறது.

இரண்டாவது, ஆயில் மட்டம். இதைத்தான் அதிகம் சந்தேகிக்கிறேன். மூடிக்கும் ஆயிலுக்கும் நடுவே இருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங்தான். ஆயில் அதிகமானால் காற்றுக்கு இடம் குறைந்து, பாதி அமுங்கும்போதே கல்லாகிவிடும். பல இடங்களில் அளவுக் கோப்பையால் ஊற்றிவிட்டு விடுகிறார்கள். பழைய ஆயில் கொஞ்சம் உள்ளேயே தங்கியிருந்தால் அந்தக் கணக்கு பொய். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, குழாயை முழுவதும் இறக்கி, மேல்விளிம்பிலிருந்து ஆயில் வரை ஸ்கேலால் அளக்க வேண்டும். கம்பெனி மேனுவலில் உள்ள அளவுக்கு முதலில் கொண்டுவந்து, பிறகு உங்களுக்காக ஆயில் மட்டத்தை ஐந்து மி.மீ. கீழே இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து மி.மீ. மாற்றமே கைக்குத் தெரியும். இரண்டு காலிலும் ஒரே அளவு.

டயர் காற்றையும் பாருங்கள். தார்ச்சாலைக்கு அடித்த காற்றோடு கல்லில் ஏறினால் எந்த ஃபோர்க்கும் உங்கள் மணிக்கட்டைக் காப்பாற்றாது. கல் பாதையில் முன்டயரில் 20 பி.எஸ்.ஐ. வைத்துப் பாருங்கள், தார் வந்ததும் திரும்ப அடித்துக்கொள்ளுங்கள். மூன்றையும் செய்த பிறகும் வலித்தால் எழுதுங்கள், மெல்லிய ஸ்பிரிங் பற்றிப் பேசலாம்.

10 நம்பர் ஃபோர்க் ஆயில் போட்டிருந்தேன். அடுத்த முறை வேறு கம்பெனியின் 10 நம்பர். வண்டி முற்றிலும் வேறு மாதிரி ஆகிவிட்டது. போலி ஆயிலா?
— ஈரோடு

போலி என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபோர்க் ஆயிலின் 5, 10, 15 என்ற எண்களுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி பொருள் மாறும். ஒருவரின் 5 இன்னொருவரின் 7.5 ஆக இருக்கும். அந்தக் கம்பெனியின் விவரத்தாளில் 40 டிகிரி செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக் (ஆயில் எவ்வளவு கெட்டி என்ற அளவு) என்று போட்டிருப்பார்கள், அதை ஒப்பிடுங்கள். அந்த எண்ணை வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓர் அளவு வேண்டுமானால் ஒரே கம்பெனியின் இரண்டு ஆயிலைக் கலக்கலாம், வேறு வேறு கம்பெனியைக் கலக்காதீர்கள்.

ஆறு மாதத்தில் மூன்று முறை ஆயில் சீல் மாற்றிவிட்டேன். திரும்பவும் ஒழுகுகிறது. ஃபோர்க்கையே மாற்றிவிடச் சொல்கிறார்கள்.
— ஒசூர் வாசகர்

இதைப் படித்ததும் எனக்கு என் இருபத்தொன்றாம் வயது நினைவுக்கு வந்தது. ஒரு டர்ட் டிராக் பந்தயத்துக்கு முந்தைய இரவு, நண்பனின் ஷோகனுக்கு ஒரே காலில் இரண்டு முறை சீல் மாற்றினேன். இரண்டு முறையும் ஒழுகியது. சீலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் வந்து, ஒரு துளிப் பஞ்சை எடுத்துக் குழாயின் மேல் மேலும் கீழுமாகத் தேய்த்தார். ஓரிடத்தில் பஞ்சின் ஒரு நூல் மாட்டிக்கொண்டு நின்றது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சொரசொரப்பு, கல் தெறித்த இடம். ஒவ்வொரு புதுச் சீலின் உதட்டையும் அதுதான் கிழித்துக்கொண்டிருந்தது. நான் குழாயைப் பார்க்காததால் நண்பன் காலையில் ஒழுகும் ஃபோர்க்கோடு, முன்பிரேக்கில் ஆயில் படிந்து, முதல் சுற்றிலேயே வெளியேற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து பஞ்சு தேய்க்காமல் நான் ஒரு சீலும் போட்டதில்லை.

நீங்களும் தேய்த்துப் பாருங்கள். நூல் மாட்டினால் அந்த மேட்டை மட்டும் மெல்லிய எண்ணெய்க் கல்லால், இல்லையென்றால் 1000 நம்பருக்கு மேலான எமெரித் தாளால் குறுக்குவாட்டில் தேய்த்துத் தட்டையாக்குங்கள், நீளவாட்டில் தேய்க்கக் கூடாது. குரோம் உரிந்து துருக்குழி விழுந்திருந்தால் அந்தக் குழாயை மாற்ற வேண்டும். குழாயை மட்டும்தான், ஃபோர்க்கை அல்ல. பஞ்சு எங்கும் மாட்டவில்லையா? உள்ளே இருக்கும் புஷ் தேய்ந்து குழாய் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடும் குழாயில் எந்தச் சீலும் நிற்காது.

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன்: சேற்றில் ஓட்டிய மறுநாள் ஒழுகத் தொடங்கியதா? அப்படியானால் சீல் கெடவே இல்லாமலும் இருக்கலாம், உதட்டுக்குள் மண் போயிருக்கும். டஸ்ட் சீலைக் கீழே இறக்கிவிட்டு, பழைய கேமரா ஃபிலிம் நெகட்டிவ் ஒரு துண்டை ஓரத்தில் கொக்கிபோல வெட்டி, சீலுக்கும் குழாய்க்கும் நடுவே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி வெளியே இழுங்கள். மண் அதோடு வந்துவிடும். வீட்டில் பழைய ஆல்பத்தோடு கிடக்கும் நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள், அந்த மென்மையும் விறைப்பும் வேறு பிளாஸ்டிக்கில் அமைவதில்லை.

ஐயா, நான் இலங்கையில் பண்டாரவளையிலிருந்து எழுதுகிறேன். ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹோண்டா 250 டர்ட் பைக். ஃபோர்க் மூடியில் டயர் வால்வு மாதிரி ஒன்று இருக்கிறது. அதில் காற்று அடிக்க வேண்டுமா? கொழும்பில் மெத்தென்று இருக்கும் வண்டி நுவரெலியா ஏறியதும் விறைக்கிறது.

உங்கள் ஊரில் அந்தக் கால ஜப்பான் வண்டிகளை இன்றும் உயிரோடு வைத்திருப்பதைக் கேட்டால் எனக்குப் பெரும் சந்தோஷம். அந்த வால்வுக்குக் காற்று அடிக்க வேண்டாம். சாதாரண ஓட்டத்துக்கு அதன் அளவு பூஜ்யம். அதிகச் சுமை ஏற்றினால் துளி சேர்க்கத்தான் வைத்தார்கள். டயர் கடைக் கம்ப்ரஸரை அதில் வைத்தால், உள்ளே இருக்கும் இடம் அவ்வளவு சிறியது, ஒரு நொடியில் சீல் வெளியே வந்துவிடும்.

விறைப்பதற்குக் காரணம் மலைதான். கொழும்பில் மூடிய காற்று உள்ளே அப்படியே இருக்கிறது. 1,868 மீட்டர் உயரத்தில் நுவரெலியாவில் வெளிக்காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அப்போது உள்ளே சுமார் 3 பி.எஸ்.ஐ. அதிகம். வண்டி நிற்கும்போது இரண்டு காலும் சேர்ந்து ஐந்து கிலோ அளவுக்குத் தள்ளும். ஓடிய சூடும் சேரும். மேலே போனதும் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, வால்வின் ஊசியை ஒருமுறை அழுத்துங்கள். 'புஸ்' என்று வெளியேறினால் வேலை முடிந்தது. சக்கரம் தரையில் இருக்கும்போது அழுத்தக் கூடாது, அமுங்கிய நிலையில் காற்றை விட்டால் நீளும்போது உள்ளே வெற்றிடம் இழுக்கும். கொழும்புக்கு இறங்கியதும் இதையே திரும்பச் செய்யுங்கள்.

மோட்டோகிராஸ் பழக, செகண்ட் ஹேண்ட் 450 ஒன்று வாங்க இருக்கிறேன். ஒன்றில் காற்று ஃபோர்க், இன்னொன்றில் ஸ்பிரிங் ஃபோர்க். எதை எடுக்கலாம்?
— கோவை, கல்லூரி மாணவர்

தம்பி, ஸ்பிரிங். உங்களிடம் ஒரு நல்ல மெக்கானிக்கும், நல்ல பம்ப்பும், ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் அளக்கும் பொறுமையும் இருந்தால் மட்டும் காற்றைப் பற்றி யோசியுங்கள்.

பெரிய கம்பெனிகளே இதில் போய்த் திரும்பியிருக்கின்றன. ஹோண்டா 2013 சி.ஆர்.எஃப். 450-ல் காற்று ஃபோர்க் வைத்தது, 2017-ல் ஸ்பிரிங்குக்குத் திரும்பியது. கவாஸாகி 2015 கே.எக்ஸ். 450-ல் ஷோவாவின் மூன்று அறைக் காற்று ஃபோர்க்கை வைத்தது, 2019-ல் ஸ்பிரிங். சுஸுகியும் 2015-ல் போய் 2018-ல் திரும்பியது. யமஹாவின் ஒய்.இஸட். 450 அந்தப் பக்கம் போகவே இல்லை, கயாபாவின் ஸ்பிரிங் ஃபோர்க்கிலேயே நின்றது. காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது கே.டி.எம். அவர்களின் டபிள்யூ.பி. ஃபோர்க்கில் இடது காலில் காற்று, வலது காலில் டாம்பிங். ஸ்பிரிங் இல்லாததால் ஒன்றரைக் கிலோ அளவில் எடை குறைகிறது. எடைக்கு ஏற்ப மாற்ற ஒரு பம்ப் போதும், ஸ்பிரிங் தேடி அலைய வேண்டாம். அது பெரிய வசதி, மறுக்க மாட்டேன்.

ஆனால் நம் ஊர் வெயிலை யோசியுங்கள். காலையில் 20 டிகிரியில் 10 பார் அடித்துவிட்டு, மதியம் ஃபோர்க் 40 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் முக்கால் பார் ஏறியிருக்கும். மூன்றாவது ஓட்டத்தில் வண்டி வேறு வண்டி. பழைய வண்டியில் சீல் லேசாகக் கசிந்தால், ஸ்பிரிங் ஃபோர்க்கில் ஆயில் ஒழுகும், அவ்வளவுதான், வீடு வந்து சேரலாம். காற்று ஃபோர்க்கில் கசிவது உங்கள் ஸ்பிரிங்கே. குதித்து இறங்கும் நேரத்தில் முன்பக்கம் காலியாக இருந்தால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

வாங்கப் போகும்போது வண்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, இரண்டு குழாயின் மேலும் வெளிச்சத்தை வழுக்க விட்டுப் பாருங்கள். வளைந்த குழாயில் வெளிச்சக்கோடு முறியும். முன்பிரேக்கைப் பிடித்து அழுத்தினால் போகும்போதும் வரும்போதும் ஒரே சீராக இருக்க வேண்டும், ஓரிடத்தில் தடுக்கினால் விட்டுவிடுங்கள். ஃபோர்க்கின் சரிசெய்யும் திருகுகளை முழுவதும் உள்ளே எண்ணிக்கொண்டே திருப்பி, இருந்த இடத்துக்குத் திரும்ப வையுங்கள். 'கிளிக்' கேட்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே வேலை இருக்கிறது. இந்த வண்டிகளுக்குப் பதிவு கிடையாது, மூடிய டிராக்கில் மட்டும்தான் ஓட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காப்புக்காட்டுக்குள் கொண்டுபோகும் நண்பர்கள் யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

என் மகனுக்கு 19 வயது. வண்டியின் முன்ஃபோர்க்கை மாற்ற எழுபதாயிரம் கேட்கிறான். அது போட்டால்தான் பாதுகாப்பு என்கிறான். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. கொடுக்கலாமா?
— சேலத்திலிருந்து ஒரு தந்தை

ஐயா, மகனுக்காக இப்படி உட்கார்ந்து கடிதம் எழுதியதே எனக்கு மிகவும் பிடித்தது. பணத்தை இப்போது கொடுக்க வேண்டாம், ஆனால் "முடியாது" என்றும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பையனுக்கு வண்டி மேல் உண்மையான ஆசை இருக்கிறது.

பாதுகாப்பு என்றால் முதலில் கணுக்கால் மூடும் நல்ல பூட்ஸ், முட்டிக் காப்பு, மண்ணுக்கு ஏற்ற முன்டயர். அப்புறம் ஒரு பயிற்சிப் பள்ளியில் இரண்டு நாள். எழுந்து நின்று ஓட்டத் தெரிந்தவனுக்கு அவன் முழங்கால்தான் முதல் சஸ்பென்ஷன். இவை எல்லாம் சேர்ந்தும் அவன் கேட்ட தொகை ஆகாது. பழைய ஃபோர்க் எதையும் விவரம் தெரியாமல் வாங்க விடாதீர்கள். விபத்தில் வளைந்ததை நிமிர்த்தி விற்பவர்கள் இருக்கிறார்கள்.

அவன் வண்டியில் இரண்டு காலிலும் ஒரு கேபிள் டை கட்டச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே கூடப் போய், அவன் ஓட்டி முடித்ததும் இரண்டு பேருமாக அளந்து பாருங்கள். வண்டி என்ன மாடல், உடுப்போடு அவன் எடை என்ன, டை எத்தனை மி.மீ.யில் நின்றது, மூன்றையும் அவன் கையாலேயே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அவனுக்கு என்ன ஸ்பிரிங், எவ்வளவு ஆயில் என்று நானே எழுதி அனுப்புகிறேன்.